பாலாற்றின் கடனை யார் அடைப்பது?

 

திவாலானவன் யார்? கடை ஏலத்துக்கு வந்தவன், கொடுத்த செக் திரும்பி வந்தவன் என்று நாம் சொல்வோம். நபி (ஸல்) அவர்கள் வேறொருவனை அடையாளம் காட்டினார்கள். அவன் தொழுகை, நோன்பு, ஜகாத் என எல்லா நன்மைகளோடும் மறுமைக்கு வருகிறான். கூடவே பிறர் உரிமையைப் பறித்த பாவத்தையும் சுமந்து வருகிறான். பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவனுடைய நன்மைகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறானே, அவன்தான் திவாலானவன்!

ஜும்ஆ மேடைகளில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். பாலாற்றங்கரையில் நின்று ஒருமுறையாவது சொல்லியிருக்கிறோமா?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை... தோல் தொழிலால் நம் சமுதாயம் தலைநிமிர்ந்த ஊர்கள் இவை. அந்த வருமானம் பள்ளிவாசல்களைக் கட்டியது, மதரஸாக்களை நடத்தியது, கல்லூரிகளை எழுப்பியது. யாரும் மறுக்கவில்லை. தோல் வியாபாரிகளின் நன்கொடையில் சோறு தின்று ஓதியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதைச் சொல்லும் கடமை எனக்கு அதிகம்.

முன்பு ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய முறை வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களில் முடிந்தது. ஏற்றுமதி பெருகியது, அந்நியச் செலாவணி குவிந்தது. ஆனால் பச்சைத்தோல் கெடாமல் இருக்கத் தடவிய உப்பு எங்கே போகிறது? ஊறவைத்துக் கழுவும்போது தண்ணீரில் இறங்குகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் அழுக்கு நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. அதை ஓடையில் விட்டால் நிலத்தடியில் இறங்கிக் கிணற்றுக்கு வரும். அந்தக் கிணற்று நீரைப் பாய்ச்சினால் வயல் உவர்நிலமாகும். ஷூ கப்பலேறிப் போய்விடும். உப்பு நம் மண்ணிலேயே தங்கிவிடும்!

இது யாரோ கிளப்பிய புரளியல்ல. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் தொழில் நாட்டுக்கு வருமானம் தருகிறது, ஆனால் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றது நீதிமன்றம். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை நாட்டின் சட்டமாக்கியது. தீங்கு செய்யாதே, செய்தால் ஈடு கொடு என்று மதரஸாவில் நாம் ஓதிய ஃபிக்ஹுச் சட்டம் வேறென்ன சொல்கிறது?

தீர்ப்புக்குப் பிறகு கடன் தீர்ந்ததா? இழப்பீடு பெற வேண்டியவர்கள் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கெடுத்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே உச்சநீதிமன்றம், மீதி இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இடையில் 28 வருடங்களுக்கும் மேல்! நிலத்தை இழந்த எத்தனை விவசாயிகள் இதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்? அவர்களில் நம்மவரும் உண்டு, மாற்றுமதச் சகோதரர்களும் உண்டு. இனி அவர்களிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள். இதையும் வளர்ச்சிக் கணக்கில்தான் எழுதுவீர்களா?

'நம்மவர் தொழில் என்பதால்தான் குறிவைக்கிறார்கள்' என்கிறார்கள் சிலர். ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் மீது வந்த தீர்ப்பு, உரிமையாளரின் பெயரைப் பார்த்து வந்ததல்ல.

'ஊராட்சியும் நகராட்சியும் சாக்கடையை ஆற்றில் விடவில்லையா? மணல் கொள்ளை நடக்கவில்லையா?' என்கிறார்கள். நடக்கிறது, அதையும் எதிர்ப்போம். ஆனால் பக்கத்துக் கடைக்காரன் எடையில் ஏமாற்றுகிறான் என்பதால் நம் தராசு நேராகிவிடுமா?

'ஆலையை மூடினால் ஏழைப் பெண்கள் என்ன செய்வார்கள்?' நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் வேலை பார்ப்பது காலணி தைக்கும் ஆலைகளில். தண்ணீரைக் கெடுப்பது தோலை ஊறவைத்துப் பதனிடும் கட்டம். மூடச் சொல்லவில்லை; சுத்தமாக நடத்தச் சொல்கிறோம். அதற்குச் செலவாகும்தான். அந்தச் செலவை இன்று விவசாயி கட்டுகிறான், குடம் தூக்கும் தாய் கட்டுகிறாள். ஆலைக்காரர் கட்டட்டும், வெளிநாட்டுக் கொள்முதல்காரரும் விலையில் சேர்த்துக் கொடுக்கட்டும் என்கிறோம்.

வியாபாரிகளே! ஜகாத் கணக்குப் பார்க்கும்போது கடனைக் கழித்துவிட்டுத்தானே மிச்சத்தைச் சொத்து என்கிறீர்கள்? நாட்டின் வளர்ச்சிக் கணக்கு அப்படிப் பார்ப்பதில்லை. ஏற்றுமதியை வரவில் வைக்கிறது. செத்த கிணற்றைக் கழிப்பதில்லை. கிணறு கெட்டு நாம் கேன் தண்ணீர் வாங்கினால் அதையும் வளர்ச்சி என்றே கூட்டுகிறது! அரசின் கணக்கு அப்படி இருக்கட்டும். அல்லாஹ்வின் கணக்கிலும் அது செல்லுமா?

ஆகவே ஆலை உரிமையாளர்களே, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாட்டை அதிகாரி வரும் நாளில் மட்டுமல்ல, நள்ளிரவிலும் ஓட்டுங்கள். இழப்பீட்டுப் பாக்கியைக் கடனாக நினைத்து அடையுங்கள். உம்ராவுக்குப் புறப்படும் முன் அடையுங்கள்!

ஜமாஅத் நிர்வாகிகளே, நன்கொடை ரசீது எழுதும் முன் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். எங்களைப் போன்ற ஆலிம்களும் கேட்க வேண்டும். கேட்காமல் வாங்கியதில் எங்களுக்கும் பங்குண்டு.

இளைஞர்களே! உங்கள் தெருக் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாதிக்கப்பட்ட விவசாயி எந்த மதத்தவராயினும் அவரோடு கலெக்டர் அலுவலகம் போய் நில்லுங்கள்.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதீர் என்று கற்றுத் தந்த நபியின் சமுதாயம் நாம். நம் கண்ணெதிரே ஒரு ஆறே வீணானது. அதற்கு நாளை பதில் சொல்வதைவிட, இன்றே கடனை அடைத்துவிடுவது மேலல்லவா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!