மனிதாபிமானம் என்னும் திரை

கோம்பையில் வாழும் நமக்கு மலை வெறும் காட்சிப்பொருள் அன்று. மேலே பெய்வதுதான் கீழே நம் கிணறுகளில் ஊறுகிறது. ஆகவே கொடைக்கானல் மலையில் நிகழ்ந்ததை யாருடைய கதையோ என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் நம் மாவட்டத்துப் பெரியகுளத்தின் அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது.

அம்மலையில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை இயங்கியது. பாதரசம் படிந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் உள்ள ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் இயக்கமும் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

அதன்பின் சொற்கள் வேலை செய்யத் தொடங்கின. கண்ணாடியை விற்றது 'நிறுவன விதிமுறையை மீறிய செயல்' என்றார்கள். அப்படியானால் மீறியவர் யார்? தொழிலாளரின் உடல்நலத்திற்குக் கேடில்லை என்று ஆய்வுகளை அடுக்கினார்கள். 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ பாதரசப் பாதிப்பு உண்டென்றது. 2006இல் உயர்நீதிமன்றத்தை நாடிய முன்னாள் தொழிலாளர்கள் பத்தாண்டுகள் காத்திருந்தனர். 2016இல் 591 பேருக்காக உடன்பாடு ஏற்பட்டபோதும், அது 'மனிதாபிமான அடிப்படையில்' தரப்படுவதாகவே அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே, இச்சொல்லைச் சற்று எடைபோட்டுப் பாருங்கள். கடனைத் தீர்ப்பவன் அதைத் தானம் என்று அழைத்தால், பெற்றவன் நன்றிக்கடன் பட்டவனாகிறான், கொடுத்தவனோ வள்ளலாகிறான். குற்றம் மட்டும் எங்கும் பதிவாவதில்லை. 1984இல் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், யூனியன் கார்பைடும் பொறுப்பை ஒரு தொழிலாளியின் நாசவேலை மீதே சுமத்தியது. வழி பழையதுதான்.

வழக்குக்கு அஞ்சி அளந்து பேசுவது நிறுவனத்தின் உரிமை என்பர். இருக்கட்டும். ஆனால் பாதரசம் அறிக்கைகளைப் படிப்பதில்லை. சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகிறது. நீரில் கலந்தால் நுண்ணுயிர்களால் உருமாறி மீனின் உடலில் சேர்கிறது. ஜப்பானின் மினமாட்டா 1956 முதல் உலகுக்குக் கற்பித்த பாடம் இது.

நாம் கேட்பது இனிய சொற்களை அல்ல. எவ்வளவு கழிவு, எங்கே, யார் பொறுப்பு, எந்நாளுக்குள் மண் தூய்மையாகும் என்னும் நான்கு விடைகளே போதும். அவை இல்லாத வருத்தம் வெறும் விளம்பரமே. அதை மன்னிப்பென்று ஏற்பது, துன்புற்றவர்க்கு நாமும் இழைக்கும் இரண்டாம் அநீதியாகும்.