நிறத்துக்கும் குறியேற்றம் உண்டு

திஸ்கியில் தட்டச்சு செய்த கட்டுரையை வேறொரு குறியேற்றத்தின் எழுத்துருவில் திறந்து பார்த்துத் திகைத்த தலைமுறை நாம். எழுத்தெல்லாம் குலைந்து கிடக்கும். ஆனால் கோப்பில் ஒரு பிழையும் இராது. எழுதியவர் ஓர் எண்ணை 'க' என்று கொண்டார், படிப்பவரின் கணினி அதே எண்ணை வேறோர் எழுத்தாகக் கொண்டது, அவ்வளவே. புகைப்படத்தின் நிறத்துக்கும் இதே நிலைதான் என்பதை இலக்கிய நண்பர்கள் பலர் இன்னும் கருத்தில் கொள்வதில்லை. எழுத்து குலைந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. நிறம் குலைந்தால் தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நாம் பகிரும் சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் 0 முதல் 255 வரையிலான எண்களாகவே குறிக்கப்படுகிறது. அவ்வெண்கள் எந்தச் சிவப்பை, எந்தப் பச்சையைச் சுட்டுகின்றன என்று வரையறுப்பதே நிறவெளி; கேமராக்காரர்களின் பேச்சில் கலர் ஸ்பேஸ். திருமாலின் மேனியை நம் கவிகள் கருமை என்றும் நீலம் என்றும் பச்சை என்றும் பாடினார்கள். கேட்டவர்கள் இடமறிந்து பொருள் கொண்டார்கள். கணினிக்கு அந்த நயம் கிடையாது. அதற்குச் சொல்லியாக வேண்டும்.

ஹ்யூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைகளை அளவுகோலாகக் கொண்டது; 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி, அச்சு இயந்திரத்தின் மைகள் தரக்கூடிய நிறங்களையும் உள்ளடக்க வேண்டும் என்ற நோக்கில் அமைந்தது. பச்சையிலும் நீலப்பச்சையிலும் அதன் எல்லை விரிந்தது. பெரியது என்றால் சிறந்தது என்று எண்ணிக் கேமராவில் அதையே தெரிவுசெய்து, படத்தை அப்படியே வலையேற்றுவோர் உண்டு. அதனால் நேர்வதை ஓர் எண்ணால் காட்டலாம். எஸ்ஆர்ஜிபி 255 என்று எழுதும் முழுச் சிவப்பை அடோபி ஆர்ஜிபி 219 என்று எழுதுகிறது. 'இது அடோபி ஆர்ஜிபி' என்று அறிவிக்கும் விவரக்குறிப்பு வழியில் உதிர்ந்துவிட்டால், இணையம் அந்த 219ஐ எஸ்ஆர்ஜிபி என்றே படிக்கும். சிவப்பு மங்கிவிடும். படங்களைச் சுருக்கி மறுபதிவு செய்யும் தளங்கள் சில அந்தக் குறிப்பைக் களைந்துவிடுவதும் உண்டு.

இதில் என்ன குடிமுழுகிப்போகிறது என்று கேட்கலாம். சித்தன்னவாசல் குகையின் கூரையில் உள்ள தாமரைக்குளத்தை ஒருவர் படமெடுத்துப் பகிர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மங்கிவந்த ஓவியம் அது. படத்திலும் நிறம் மங்கினால், எது காலம் செய்தது, எது கோப்பு செய்தது என்று பார்ப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? அங்கே நேரில் செல்ல வாய்க்காத மாணவருக்கு அந்தப் படமே சான்று. பொய்ச்சான்று என்று அவர் ஐயுறவும் வழியில்லை.

ஆகவே என் கருத்து இது: முகமறியாத வாசகருக்குப் படம் அளிக்கும்போது எஸ்ஆர்ஜிபியே தக்கது; விவரக்குறிப்பையும் படத்தோடு இணைத்தே அனுப்ப வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிறவெளியை 'மாற்றுதல்' வேறு, வேறொரு நிறவெளியின் பெயரை 'ஒட்டுதல்' வேறு. மென்பொருள்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. மாற்றினால் 219 என்ற எண் 255 ஆகி, நிறம் காக்கப்படும். ஒட்டினால் எண் அப்படியே நிற்க, நிறம் திரியும். எழுத்துருவை மட்டும் மாற்றினால் திஸ்கிக் கட்டுரை யூனிகோடு ஆகிவிடாது என்பதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

எஸ்ஆர்ஜிபி பழைய திரைகளின் வெளிதானே, 2016இல் வந்த ஐபோன் 7 முதற்கொண்டு எத்தனையோ திரைகள் டிஸ்ப்ளே பி3 என்னும் விரிந்த வெளியைக் காட்டுகின்றனவே என்று சிலர் மறுப்பர். அதில் நியாயம் உண்டு. மயில் கழுத்தின் நீலப்பச்சையோ செவ்வந்தியின் கடுஞ்சிவப்போ சிறிய வெளியில் முழுமையாக அடங்காமல் போகலாம். பெறுபவரின் திரையும் இடைப்பட்ட தளமும் தெரிந்திருந்தால் பி3இல் அனுப்பலாம். ஆனால் விரிந்த வெளிக்கும் ஜேபெக்கில் அதே 256 படிகள்தாம்; படிகளுக்கிடையே தொலைவு கூடும். காவியும் மண்மஞ்சளும் மிகுந்த பழஞ்சுவர் ஓவியங்களுக்கோ ஓலைச்சுவடிகளுக்கோ அந்த விரிவு பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை. கேமரா பதிந்த மூலக்கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்; பகிர்வதற்கு எஸ்ஆர்ஜிபிப் பிரதி ஒன்று எடுங்கள். நாளைய திரைக்கு மூலத்திலிருந்து வேறொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்லின் பாடபேதத்துக்காக ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் உ.வே.சாமிநாதையர். அந்த மரபைப் போற்றுகிற இதழ்கள், கட்டுரையில் ஓர் ஒற்று மிகுந்தால் திருத்தம் வெளியிடுகின்றன. அதே கட்டுரையின் ஓவியப் படத்தில் நிறம் பிறழ்ந்தால் பேசாதிருக்கின்றன. படமும் ஒரு பாடம்தான். அதைப் பிழையறப் பதிப்பிக்கும் கடமையும் பதிப்பாசிரியருடையதே.