வசந்தமாலையின் வேடம்

கொடும்பாளூர் என்றதும் மூவர் கோயிலையும் இருக்குவேளிரையும் பேசுவது வழக்கம். இங்கே வேண்டியது சிலப்பதிகாரத்துக் கொடும்பாளூர். மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையவன், கொடும்பைக் குளத்தருகே பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். கொடும்பை என்பது கொடும்பாளூர்தான் என்று கொள்கிறார்கள். அதைத் தாண்டிய காட்டில், தண்ணீர் தேடி ஒதுங்கும் கோவலன் முன் ஒரு வனதெய்வம் வசந்தமாலையின் உருவத்தில் வந்து நிற்கிறது. மாதவி தன்னைத் துரத்திவிட்டாள் என்று அழுகிறது. கணிகையர் வாழ்க்கை கடைப்பட்டது என்று மாதவி வாயாலேயே சொன்னதாகவும் சொல்கிறது. கோவலன் மந்திரம் சொல்ல, தெய்வம் மறைகிறது.

கோவலனின் மனஉறுதிக்குச் சான்று என்று தமிழாசிரியர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு. கணிகை வாழ்க்கை பற்றிய தீர்ப்பு இங்கே கணிகையின் வாயிலிருந்து வரவில்லை. மாதவி சொன்னாளாம், அதை வசந்தமாலை வந்து சொல்கிறாளாம், வந்தவள் வசந்தமாலையே அல்ல. இளங்கோ இதை மறைக்கவில்லை. வேடம் என்று சொல்லிவிட்டுத்தான் பேசவிடுகிறார்.

வயது வந்தவர்கள் தம் சம்மதத்துடன் தனியிடத்தில் நடத்தும் பாலியல் தொழிலைக் குற்றமாக வைத்திருக்க வேண்டுமா என்ற இன்றைய சர்ச்சையில் இந்த நேர்மைகூட இல்லை. மதத்தலைவர், போலீஸ் அதிகாரி, மீட்புத் தொண்டர், பெண் விடுதலை பேசும் பேராசிரியர், எல்லோரும் அவள் முகத்தை மாட்டிக்கொண்டு அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறார்கள். அவள் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்பவர் மிகச் சிலர். கேட்டாலும் செல்லாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நான் பேச வந்தது இந்தச் செல்லாமையைப் பற்றித்தான்.

முதலில் சட்டம். 1950-இல் நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையைத் தொடர்ந்து 1956-இல் வந்தது இந்த ஒழுக்கக்கேடு தடைச் சட்டம். 1986-இல் பெயர் மாறியது. பணத்துக்கு உடலுறவு கொள்வது குற்றம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அதைச் சுற்றியிருக்கிற அத்தனையும் குற்றம். இரண்டு பெண்கள் தங்கள் இருவர் வருமானத்துக்காக ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டால் அந்த வீடு விபசார விடுதி. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற 18 வயதைக் கடந்த எவரும், கிழத்தாயோ படிக்கிற மகனோ, இரண்டு வருஷம் வரை சிறை போகலாம். கோயில், பள்ளிக்கூடம், ஹோட்டல், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடக்கக்கூடாது. தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் கோயிலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் ஒரு அறை கண்டுபிடித்துக் காட்டுங்கள். ஆள் அழைத்த குற்றத்துக்கு முதல் தடவை பிடிபட்ட பெண்ணுக்கு ஆறு மாதம் வரை; அதே குற்றத்தை ஆண் செய்தால் உச்சம் மூன்று மாதம். தமிழ்நாடு 1982-இல் போட்ட குண்டர் சட்டத்தின் நீண்ட தலைப்பில் குண்டர், சாராயக்காரர் வரிசையில் இந்தக் குற்றவாளிகளும் உண்டு. விசாரணையில்லாமல் 12 மாதம் உள்ளே வைக்கலாம்.

ஆக, தொழில் செய்யலாம். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல், வாடகைக்கு வீடு இல்லாமல், பெற்றவளுக்குச் சோறு போடாமல் செய்யவேண்டும். யாருமில்லாத பெண்ணிடம் வாடிக்கைக்காரன் எப்படி நடந்துகொள்வான், மாமூல் கேட்டு வருபவன் எப்படி நடந்துகொள்வான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா?

இனி மீட்பு. ரெய்டில் பிடித்த பெண்ணை, வயது வந்தவளாகவே இருந்தாலும், பாதுகாப்பு இல்லத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. நான் போகிறேன் என்று அவள் சொன்னால்? 2020 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் மூன்று பெண்களை இப்படிப்பட்ட காவலிலிருந்து விடுவித்தது. வயது வந்தவர்கள் தாம் விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்று சொல்ல ஒரு உயர்நீதிமன்றம் வேண்டியிருந்தது. அவள் 'சரி' என்றால் அது வறுமையின் வார்த்தை, செல்லாது. 'வேண்டாம், விடுங்கள்' என்றால் அது கெட்டுப்போன மனத்தின் வார்த்தை, அதுவும் செல்லாது. வேறெந்தக் குடிமகனின் இரண்டு பதில்களையும் ஒரே சமயத்தில் இப்படித் தள்ளுபடி செய்கிறோம்?

இந்தச் சர்ச்சையின் முன்கதையில் புதுக்கோட்டைக்குப் பங்கு உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். எதிர்த்த சத்தியமூர்த்தி பிறந்தது 1887-இல் திருமயத்தில். ஒரே சமஸ்தானத்து மனிதர்கள் இருவர் மாகாணச் சட்டசபையில் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் விடுதலையின் பெயரால் பேசினார், மற்றவர் மரபின் பெயரால். இடையில் தேவதாசிகளின் சங்கமே மனுக்கள் போட்டது. நாங்கள் விபசாரிகள் அல்ல, எங்களுக்குக் கல்வி கொடுங்கள், எங்களைக் கேட்காமல் சட்டம் போடாதீர்கள் என்பது அவற்றின் சாரம். அந்தக் குரலை இரண்டு தரப்பும் தத்தம் வசதிக்கு மேல் கேட்கவில்லை.

தேவதாசியும் பாலியல் தொழிலாளியும் ஒன்றல்ல. இருவரையும் ஒரே சொல்லில் அடைத்தது அந்தக் காலத்துச் சட்டசபைப் பேச்சு. கொடும்பாளூருக்குப் பக்கத்து விராலிமலையில் முருகனுக்குச் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1947-ஆம் வருஷச் சட்டம் கோயில் வளாகத்தில் பெண் ஆடுவதையே சட்டவிரோதம் என்றது. அவர் செய்ததைக் குற்றமாக்கிய அரசுதான் பிறகு அதற்குப் பட்டமும் தந்தது. இடையில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்தச் சட்டசபையும் கேட்கவில்லை.

முத்துலட்சுமியைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. சின்னஞ்சிறு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியதை நிறுத்தியது நியாயம். குழந்தைக்குச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. அவர் முயற்சியில் 1929-இல் வந்த திருத்தம், கோயில் ஊழியத்துக்கு ஈடாக இருந்த மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்துத் தாசிகளின் கையில் சேர்த்தது. அடுத்த வருஷம், 1930-இல், மாகாணத்துக்கென்று ஒழுக்கக்கேடு தடைச் சட்டம் ஒன்று வந்தது. ஒரு சட்டம் பெண் கையில் நிலம் கொடுத்தது. இன்னொன்று அவள் வாசலில் போலீஸை நிறுத்தியது. நாம் சுவீகரித்துக்கொண்டது இரண்டாவதை.

கொடும்பாளூர்க் குளக்கரைபோல இங்கும் மூன்று வழிகள். ஒன்று தடை, அதன் லட்சணத்தை மேலே பார்த்தோம். இன்னொன்று லைசென்ஸ். சிவப்பு விளக்குப் பகுதி ஒதுக்கி, பதிவு செய்து, மாதாமாதம் டாக்டர் பார்த்து, வரி வசூலித்துவிடலாம் என்பார்கள். இதைத் துணிந்த யோசனை என்று நினைப்பவர்களுக்கு: 1868-இல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம் இதுவேதான். பெண்ணைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் பூட்டிய ஆஸ்பத்திரியில் வைத்தது. காப்பாற்ற நினைத்தது சிப்பாயின் உடம்பை. 1888-இல் அதைக் கைவிட்டார்கள். லைசென்ஸும் அவள் சொல்லைக் கேட்கவில்லை. முத்திரையை மட்டும் குத்தியது.

மூன்றாவது வழி, குற்றச் சட்டத்தை அந்த அறையிலிருந்து வெளியே எடுப்பது. நியூஸிலாந்து 2003-இல் 60-க்கு 59 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் இதைச் செய்தது. அங்கே நான்கு பெண்கள் வரை சேர்ந்து, அவரவர் வருமானம் அவரவர் கையில் இருக்க, உரிமச் சீட்டு இல்லாமலே ஒரு வீட்டில் தொழில் செய்யலாம். இங்கே இருவர் சேர்ந்தால் வழக்கு.

மறுப்புகள் தெரிந்தவைதான். வறுமையில் கொடுத்த சம்மதம் சம்மதமா என்பது அவற்றில் கனமானது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரியில் கல் உடைப்பவர் எந்தச் செல்வச் செழிப்பில் சம்மதித்தார்? அவருக்குக் கூலி கேட்கிறோம், விபத்துக்கு நஷ்டஈடு கேட்கிறோம். அவரைக் கைது செய்து காப்பாற்றுவதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். கட்டாயப்படுத்திய முதலாளிக்குத் தண்டனை, தொழிலாளியின் கடன் ரத்து, அவன் சுதந்திரமானவன். கொத்தடிமையை மூன்று வருஷம் இல்லத்தில் பூட்டி வை என்று அதில் இல்லை. அடிமைப்பட்டவன் ஆணாக இருக்கும்போது விடுதலை என்றால் என்ன என்று நமக்கு நன்றாகவே தெரிகிறது.

கடத்தல் பெருகும் என்பது அடுத்தது. கடத்தலும் குழந்தைகளை ஈடுபடுத்துவதும் குற்றமாகவே இருக்கட்டும். அதற்குப் போக்ஸோ சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதையின் 143-ஆம் பிரிவும் இருக்கின்றன. பக்கத்து அறையில் அடைபட்ட சிறுமியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்பவள் அதே தெருவில் தொழில் செய்பவள். அவளுக்கே ஸ்டேஷன் பயம் என்றால் புகார் எங்கிருந்து வரும்? ஸ்வீடன் 1999-இல் செய்ததுபோல் வாங்குபவனை மட்டும் தண்டிக்கலாமே என்பவர்கள், பிடிபடப் பயப்படும் ஆண் அவளை எந்த இருட்டுக்குக் கூட்டிப்போவான் என்று யோசிக்க வேண்டும்.

2022 மே 19-ஆம் தேதி உச்சநீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உத்தரவு போட்டதும், தொழில் சட்டபூர்வமாகிவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின, சில திட்டின. இரண்டு கூட்டமும் உத்தரவைப் படிக்கவில்லை. 1999-இல் கல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலையான வழக்கு அது. கொலையாளியின் மேல்முறையீட்டை 2011-இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம் அதையே பொதுநல வழக்காக்கிக் குழு அமைத்தது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்காதே, இல்லங்களில் விருப்பமின்றி வைத்திருப்பவர்களைக் கணக்கெடுத்து விடு, ஆதார் கொடு, ரெய்டில் முகத்தைப் படம் போடாதே, இவை வந்தன, நல்லது. சம்மதத்துடன் ஈடுபடும் வயது வந்தவரைப் போலீஸ் தொடக்கூடாது என்ற குழுவின் பரிந்துரைக்கு மத்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபமில்லாதவைக்கே நீதிமன்றம் உத்தரவிட்டது. எது மையமோ அது வெளியே நின்றது.

இந்தப் பக்கங்களைப் படிக்கிற நமக்கும் இதில் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. புதுமைப்பித்தனின் அம்மாளுவை வைத்து ஒழுக்கவாதிகளைக் கிண்டல் செய்யக் கற்றோம். ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு', 'நாளை மற்றுமொரு நாளே' இரண்டையும் பரிதாபம் கலக்காத பார்வைக்கு உதாரணமாகக் காட்டி அரை நூற்றாண்டாகக் கட்டுரை எழுதுகிறோம். அம்மாளு இன்று அந்தச் சந்தில் பிடிபட்டால் எந்தப் பிரிவில் வழக்கு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மறுபக்கம், அரசியல், நகரம், மொழி, பத்திரிகை என்று எதைத் திட்ட வேண்டுமானாலும் கவிஞன் கைக்கு 'வேசி' என்ற படிமம் வந்துவிடுகிறது. இதுவும் வேடம்தான். வனதெய்வம் கோவலன்மேல் காதல் கொண்டு வந்தது. இவர்கள் தங்கள் கோபத்துக்கு ஒரு முகம் தேடி வருகிறார்கள். நளினி ஜமீலா 2005-இல் தன் வாழ்க்கையைத் தானே மலையாளத்தில் சொன்னபோது கேரளத்தில் எழுந்த எரிச்சல், படிமம் எழுந்து பேசியதால் வந்த எரிச்சல்.

கேட்க வேண்டியது சிறியது. விடுதியின் இலக்கணத்திலிருந்து சேர்ந்து வாழும் இரு பெண்கள் நீங்க வேண்டும். நான்காம் பிரிவிலிருந்து தாயும் பிள்ளையும் நீங்க வேண்டும். 7, 8, 20 பிரிவுகள் போக வேண்டும். வயது வந்தவளை அவள் விருப்பத்துக்கு மாறாக எந்த இல்லத்திலும் ஒரு நாள்கூட வைக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது. சட்டத்தைத் திருத்தும் குழுவில் அவர்கள் உட்கார வேண்டும். இதைக் கேட்கக் கவிஞனாக இருக்க வேண்டியதில்லை, கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும்.