ஆசிரியரின்றி உரிமையேது?

நம் நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியற் சாசனம் கல்வியைப் பற்றி இரண்டு வாக்குகளைத் தருகின்றது. 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்தை அளிக்கின்றது. நிருவாகம் அதனை மீறினால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். கல்வியில் யாவர்க்கும் சமவாய்ப்பு என்பது 27ஆம் உறுப்புரை கூறும் இலட்சியம். ஆனால் அவ்விலட்சியத்தை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த இயலாதென்று 29ஆம் உறுப்புரை கதவை அடைத்துவிடுகின்றது.

இதன் பொருள் யாது? தமிழிற் படிக்கும் உரிமை நம் பிள்ளைக்கு உண்டு. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழிற் படிப்பிக்க ஆசிரியர் ஒருவர் வருவார் என்ற உறுதி இல்லை. மொழி உண்டு, பேசுதற்கு வாய் இல்லை!

ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில் பகுதிகளில் வட்டைகளை அடுத்த சிற்றூர்களுக்குச் சென்று பாருங்கள். தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் என்ற பேதம் இக்குறைக்கு இல்லை. வேறு பாடத்துக்கு வந்த ஆசிரியரே கணிதத்தையும் சேர்த்துச் சுமக்கின்றார். நியமனம் பெற்று வருபவரோ பெட்டியை அவிழ்க்குமுன் இடமாற்ற விண்ணப்பத்தை எழுதுகின்றார். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு, மெய்தான். உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையிற் பயிலும் பிள்ளைக்கு அதனால் விளையும் பயன் என்ன?

ஓடிப்போகும் ஆசிரியரை மட்டும் பழிப்பது நியாயமன்று. அவ்வூரையும் அதன் வாழ்வையும் அறியாதவரை, அதற்கெனப் பயிற்றாமலே அனுப்புகின்றோம். நியமனக் கடிதம் ஆளைக் கொண்டுவரும்; மனத்தைக் கொண்டுவராது.

"விஞ்ஞானம் எங்கும் ஒன்றே, அதற்கு ஊர் ஏது?" என்று சிலர் வினவுவர். விஞ்ஞானம் ஒன்றே, பிள்ளை அதனைச் சென்றடையும் வழி ஒன்றன்று. களப்பின் முகத்துவாரத்தை வெட்டினால் வெள்ளம் ஏன் வடிகின்றது, பின்னர் உவர்நீர் ஏன் வயலை நோக்கி ஏறுகின்றது என்பது நம் பிள்ளை கண்ணாற் கண்ட பௌதிகம். தைப்பொங்கல் ஆண்டுதோறும் சனவரி நடுப்பகுதியிலேயே வருகின்றது; றமழானோ ஆண்டுக்குப் பதினொரு நாளளவு முந்துகின்றது. சூரிய ஆண்டின் 365 நாளையும் பிறையாண்டின் 354 நாளையும் கரும்பலகையிற் கழித்துக் காட்டும் ஆசிரியர், கணிதத்தோடு அயலவரின் வாழ்வையும் கற்பிப்பவராவார்.

இது புதுமையன்று. காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இக்கரையின் மகன் ஒருவர் விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடினார். அச்சொல்லை வகுப்பிற் கூறுதற்கு ஆளில்லை என்பது நமக்குப் பெருமையா?

ஆதலின் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும். முதலாவது, சாதாரண தரத்திற் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேறும் கிராமத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, சொந்தப் பிரதேசத்திற் சேவை செய்யும் உடன்படிக்கையுடன் உபகாரச் சம்பளம் வழங்குதல். இரண்டாவது, அட்டாளைச்சேனைத் தேசிய கல்வியியற் கல்லூரியும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடமும் கைகோத்து அவர்களைப் பயிற்றுதல். மூன்றாம் ஆண்டின் உள்ளகப் பயிற்சியை, அனுபவசாலி ஒருவரின் துணையோடு, இச்சிற்றூர்களிலேயே நடத்துதல் வேண்டும். மூன்றாவது, அங்கே நிலைப்பவருக்கு விடுதியும் படியும் பதவியுயர்வில் முன்னுரிமையும் கொடுத்தல்.

கல்லூரி மத்திய அமைச்சின் கையில். சிற்றூர்ப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மாகாணத்தின் கையில். இவ்விரு கைகளும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தது போதும்.

விவசாயப் பெருமக்களே! விதைநெல் அயலூரிலிருந்து வருமென்று காத்திருப்பவர் போகத்தை இழப்பர். தம் வயலின் நல்ல கதிரைத் தாமே தெரிந்து விதைக்கென ஒதுக்குதலே உங்கள் முன்னோர் கண்ட வழி. ஆசிரியரையும் அவ்வாறே நம் ஊரில் விளைவிப்போம். அதற்கான சட்டத்தையும் நிதியையும் அரசிடம் ஒரே குரலிற் கேட்போம்.