நாம பார்க்கலைன்னா நிலா இருக்காதா? குவாண்டம் நோபல் சொன்னதும், சொல்லாததும்!

2022-ல் அலைன் ஆஸ்பெக்ட், ஜான் கிளாசர், ஆன்டன் ஸைலிங்கர் ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டதும், 'பிரபஞ்சம் நிஜமே இல்லையாம்' என்ற ரேஞ்சில் வீடியோக்கள் பறந்தன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், நிரூபிக்கப்பட்டது அதுவல்ல.

ஐன்ஸ்டைனுக்கு என்ன பிரச்னை?

ஒரு துகளை அளந்தால் எந்த முடிவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் குவாண்டம் கோட்பாடு சொல்கிறது. அளப்பதற்கு முன் அது எப்படி இருந்தது? அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை என்ற பக்கம் நின்றார் நீல்ஸ் போர். ஐன்ஸ்டைன் ஏற்கவில்லை. 'நான் பார்க்கும்போது மட்டும்தான் நிலா இருக்கிறதா?' என்று நண்பரிடம் கேட்டவர் அவர். கோட்பாடு முழுமையாக இல்லை என்று 1935-ல் சக விஞ்ஞானிகள் இருவருடன் சேர்ந்து வாதிட்டார்.

ஒரு ஜோடி செருப்பைத் தனித்தனி பெட்டிகளில் போட்டு இரண்டு ஊர்களுக்கு அனுப்புகிறோம். ஒன்றில் இடது இருந்தால், மற்றதில் வலது. பேக் பண்ணும்போதே முடிவான விஷயம். துகள்களும் இப்படித்தான் என்பது அவர் தரப்பு.

பெல் போட்ட கணக்கு

இதைச் சோதித்தே பார்க்கலாம் என்று 1964-ல் காட்டினார் ஜான் பெல். துகள்கள் பதிலை முன்பே சுமந்து வந்தால், இரு பக்க முடிவுகளும் பொருந்துவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பின்னர் வந்த எளிய வடிவத்தில் அந்த வரம்பு 2. குவாண்டம் கணக்கோ 2.83 வரை போகலாம் என்கிறது. 2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில், 1.3 கி.மீ. இடைவெளியில் நடந்த சோதனையில் கிடைத்தது 2.42. செருப்புக் கதை அவுட்!

அப்போ தோத்தது எது?

'பொருள்களுக்கு நிஜமான தன்மைகள் உண்டு', 'இங்கே அளப்பது தூரத்தில் உள்ளதை உடனே பாதிக்காது'. இந்த இரண்டையும் செருப்புக் கதை மாதிரி ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியாது. எதை விடுவது என்று சோதனை சொல்லவில்லை. 1952-ல் டேவிட் போம் தந்த விளக்கத்தில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, விட்டுக்கொடுக்கப்படுவது இரண்டாவது. நிஜம் பத்திரமாக இருக்கிறது. 1957-ல் ஹியூ எவரெட், எல்லா முடிவுகளுமே வெவ்வேறு கிளைகளில் நடக்கின்றன என்றார். அவருக்கும் உலகம் நிஜம்தான்.

இந்த இரண்டில் எது சரி? இன்றுவரை எந்தச் சோதனையும் தீர்ப்பு சொல்லவில்லை. உலகம் நிஜம் என்று நம்புவோர் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக, 'கணக்கு சரியா வருதா, அது போதும்' என்று ஒதுங்குவதும் சரியல்ல. எல்லோரும் அப்படி ஒதுங்கியிருந்தால் பெல்லின் கேள்வியே பிறந்திருக்காது.

இன்னொரு விஷயம். 'மனசுல நினைச்சா பிரபஞ்சம் மாறும், குவாண்டமே சொல்லுது' என்று கோர்ஸ் விற்பவர்கள் உண்டு. இந்தச் சோதனைகளில் அளந்தது டிடெக்டர். யாருடைய மனசும் அல்ல. நிலாவைப் பற்றிய நம் படம் இன்னும் முழுமையாகவில்லை. அதற்காக நிலா இல்லாமல் போய்விடாது. காசு கட்டும் முன் இதை யோசிக்கலாம்!