கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவார்களா?

"தொழில் கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவான்." கோவை வார்ப்படச் சாலை முதல் சென்னை மென்பொருள் நிறுவனம் வரை, ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களில் பலர் வேதவாக்காக நம்புவது இது. ஆறு மாதம் மெனக்கெட்டுப் பழக்குவோம், கை தேறியதும் இரண்டாயிரம் கூடக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவான். ஆகவே அளந்து சொல்லிக்கொடு, அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வை, பாண்டில் கையெழுத்து வாங்கு என்கிறார்கள். முன்யோசனை போலத் தெரியும் இந்த நம்பிக்கை பொய்யானது. தொழிலாளியோடு தொழிலையும் சேர்த்துக் கெடுப்பது.

கற்றுக்கொண்டதால்தான் ஆட்கள் போகிறார்கள் என்றால், கற்க அதிகம் இல்லாத வேலையில் எல்லோரும் நிலைத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1913இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் ஆலையில், நகரும் பட்டைமுன் நின்று ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யும் முறை வந்தது. புதியவரும் சீக்கிரம் பழகிவிடலாம். ஆனால் ஏறத்தாழ 14,000 பேர் தேவைப்பட்ட அந்த ஆலை, அந்த ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஆலை முதலாளி ஃபோர்டு வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்து, தினக்கூலியை ஏறத்தாழ இருமடங்காக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். அந்தக் கூலிக்குத் தகுதியானவரா என்று பார்க்க அவருடைய நிறுவனம் தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்து விசாரித்ததைப் போற்ற முடியாது. ஆனாலும் வேலையை விட்டுப் போவது சட்டென்று குறைந்தது. ஆட்களை விரட்டியது வேலையின் கொடுமையும் குறைந்த கூலியும்தான்.

கற்றுக்கொண்டு போனவர்களாலும் ஊர் கெட்டுவிடவில்லை. கோவை பீளமேட்டில் 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தார் தொழிற்கூடம் தொடங்கிப் பட்டறையிலேயே வேலை பழக்கினார்கள். அதுபோன்ற இடங்களில் பழகி வெளியேறிய பலர் சொந்தப் பட்டறை போட்டார்கள். பம்புசெட்டுக்குக் கோவை என்று பெயர் வந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பாண்டு எதைச் சாதிக்கிறது? வேலையை விட்டுச் சென்றவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. பயிற்சிச் செலவை ஈடுகட்டும் நியாயமான பாண்டை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும் பாண்டு வேலையில் மனத்தை நிறுத்தாது. சான்றிதழைப் பூட்டி வைப்பதோ வெறும் மிரட்டல். ஒருவர் படித்து வாங்கியதை அடமானப் பொருளாக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

ஆட்கள் போவதற்கான காரணம் நிறுவனத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஐந்து வருடம் உழைத்தவரைவிட நேற்று வந்தவருக்குக் கூடுதல் சம்பளம். ராஜினாமாக் கடிதத்தை நீட்டிய பிறகே உயரும் ஊதியம். முதல் நாளே மெஷின் முன்னால் நிறுத்தி "பார்த்துக் கத்துக்கோ" என்று விட்டுவிடுவது. அவர் தவறு செய்ததும் பத்துப் பேர் முன்னால் திட்டுவது. இவ்வளவையும் செய்துவிட்டு "இந்தக் காலத்துப் பசங்க நிக்க மாட்டேங்கிறாங்க" என்று புலம்புவது அநியாயம்.

ஆள் எடுப்பதற்கு முன்பே அவருக்கு யார் கற்றுக்கொடுப்பார் என்று முடிவு செய்யுங்கள். அப்படிக் கற்றுக்கொடுப்பவரின் உற்பத்திக் கணக்கை அந்த மாதங்களில் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் அவர் புதியவரை இடைஞ்சலாகத்தான் பார்ப்பார். தேர்ச்சி கூடும்போதே, கேட்பதற்கு முன்பே, சம்பளத்தைக் கூட்டுங்கள். போகிறவருக்கு அனுபவச் சான்றிதழைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். இருப்பவர்கள் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். பூட்டி வைத்த சான்றிதழ்களை இந்த வாரமே உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். பிடித்துவைக்க எதுவுமே இல்லாதபோதும் ஆட்கள் மறுநாள் வேலைக்கு வருகிறார்கள் என்றால், அங்கே நல்ல தலைமை இருக்கிறது. வராமல் போனால், திருத்த வேண்டியது அந்தத் தலைமையை.