ஆர்க்டிக் மண்ணுக்குள் ஒரு குழாய்: இந்த அளவு நிற்கக் கூடாது

ஆர்க்டிக்ல பனி உருகுது என்று வருஷா வருஷம் செய்தி வருகிறது. கூடவே ஒரு பனிக்கரடி படம். அங்கே மண்ணுக்குள் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டிய கணக்கு அதுதான்.

அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக் என்று ஓர் ஊர். 2016 வரை அதன் பெயர் பேரோ. ஆண்டு முழுக்கப் பெய்வது 150 மில்லிமீட்டருக்கும் குறைவு. கணக்குப்படி பாலைவனம்தான். ஆனால் கோடையில் அந்தத் துந்திரா நிலத்தில் கால் வைத்தால் சதசதவென்று இருக்கும். காரணம், அடியில் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் மண். கோடையில் இளகுவது மேலே உள்ள 30, 40 சென்டிமீட்டர் மட்டுமே. தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் அதற்குள்ளேயே தேங்குகிறது.

ஜூனில் பனி கரைந்ததும் நீர்மட்டம் தரை வரை வரும். பள்ளமான இடங்களில் தரைக்கு மேலேயே நிற்கும். ஜூலை வெயிலில் இறங்கும். கோடைக் கடைசி மழையில் மறுபடி ஏறும். அப்புறம் உறைந்துவிடும். நம்ம ஊர்க் கிணறு மாதிரி அடிக்கணக்கில் இல்லை, எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு.

அந்தச் சில சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது? மண் நீரில் மூழ்கியிருந்தால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் மீத்தேனை வெளியிடும். நீர் இறங்கி காற்று புகுந்தால் கரியமில வாயு அதிகமாக வரும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. வடக்கின் உறைநிலங்களில் இருக்கும் கார்பனோ, இன்று காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை அளக்கும் முறை ரொம்ப எளிது. துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணில் இறக்கி, உள்ளே ஒரு அழுத்த சென்சார் வைப்பார்கள். ஆனால் மண் உறையும்போது உப்பி, குழாயையே மேலே தூக்கிவிடும். உள்ளே தண்ணீர் உறைந்தால் சென்சார் போச்சு. தரையும் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். அதனால் யாராவது நேரில் போய் கையால் அளந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

நான் மென்பொருள் ஆள். டேட்டா விட்டுப்போனால் மாடலை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்ற பேச்சை எங்கள் துறையில் அடிக்கடி கேட்கிறேன். நிரப்பலாம், ஆனால் அது ஊகம்தான். செயற்கைக்கோளுக்கு நிலம் ஈரமா, காய்ந்ததா என்று தெரியும். பாசிக்கு அடியில் தண்ணீர் 5 சென்டிமீட்டரில் நிற்கிறதா, 15-லா என்று நேரடியாகத் தெரியாது. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 முதல், ரஷ்யாவுடனான அறிவியல் ஒத்துழைப்பு பெருமளவு அறுந்துபோனது. அந்த நாட்டின் நிலத்தில் பாதிக்கும் மேல் உறைநிலம்!

சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுக்க ஆள் உண்டு. வருஷா வருஷம் சேற்றில் இறங்கிக் குழாயை அளப்பவருக்குச் சம்பளம் கேட்டால்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு திட்டம், அப்புறம் மூட்டை கட்டு என்பது இங்கே உதவாது. மாற்றம் தெரிய பத்து, இருபது ஆண்டு வரிசை வேண்டும். இந்தக் கோடையில் அளக்காமல் விட்டதை எந்தப் பணமும் பிறகு வாங்கித் தராது.